காலை நீட்டி, தொடையை இறுக்குங்கள்

முட்டி ஜவ்வு அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதன்முதலில் சொல்லித்தரும் பயிற்சி, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். காலை நீட்டி உட்கார வேண்டும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்துவதாக நினைத்துக்கொண்டு தொடையின் முன்பக்கத்தை இறுக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்திருந்து விட வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு நாம் பயிற்சி செய்கிறோம் என்பதே தெரியாது.

எனக்கு அது வரவில்லை. விளையாடும்போது சட்டென்று திரும்பியதில் முட்டி பிசகி, முன்குறுக்கு ஜவ்வு அறுந்து, அதற்கு மாற்று வைத்த மறுநாள். பிசியோதெரபிஸ்ட் என் தொடைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இறுக்குங்க சார்" என்றார். இறுக்கினேன். "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். நானோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வயிறு இறுகியது, தோள் ஏறியது, நல்ல காலின் தொடைகூடக் கெட்டியாகிவிட்டது. அறுவை செய்த தொடை மட்டும் தொளதொளவென்று அப்படியே கிடந்தது. வலியால் வராமல் போனது என்றும் சொல்ல முடியாது. வலி மாத்திரை நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

"தசைக்கு ஒண்ணும் ஆகலை சார். நரம்பு அடக்கி வெச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் அவர்.

தசையைப் பற்றி நான் உருப்படியாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தது அந்த ஒரு வரியிலிருந்துதான். அப்புறம் வந்த மாதங்களில் படித்தது, அவரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது, என் காலிலேயே தொட்டுப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். முட்டி நன்றாக இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்குமேல் பயன்படும்.

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் சேர்ந்து ஒரு கூட்டமாக இருக்கின்றன. குவாட்ரிசெப்ஸ் என்பது இதைத்தான். நான்கும் கீழே ஒன்றாகி, முட்டிச் சில்லைப் பிடித்து, அதைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் போய் முடிகின்றன. முட்டியை நீட்டுவது இவற்றின் வேலை. முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால், மூட்டைச் சுற்றியுள்ள உணர்வு நரம்புகள் அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்குச் சொல்லும். தண்டுவடம் உடனே இந்தத் தசைக் கூட்டத்துக்குப் போகும் நரம்பணுக்களை அடக்கிவிடும். மூளையிலிருந்து எவ்வளவு பலமாக ஆணை வந்தாலும் அதில் ஒரு பங்குதான் தசைக்குப் போய்ச் சேரும். காயமே படாத முட்டிக்குள் ஊசியால் உப்புநீரை ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அங்கேயும் இதே கதைதான்: அடிபடவில்லை, அறுவை இல்லை, வெறும் நீர் ஏறியதற்கே தொடை தளர்ந்துபோனது. அதிலும் சில்லுக்குச் சற்று மேலே உட்புறமாகப் புடைத்திருக்கும் தசைதான் முதலில் அடங்குகிறது.

இதிலிருந்து கிடைத்த முதல் பாடம், வீக்கத்தை வற்ற வைப்பதும் பலம் சேர்க்கும் வேலைதான் என்பது. ஐஸ் ஒத்தடம், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பது, அழுத்தக் கட்டு, அளவான நடை என்று எல்லாம் சலிப்பான காரியங்கள். ஆனால் வீக்கத்தோடு போராடிக்கொண்டே தொடையை இறுக்குவது பாதி வீண். ஒரு நாள் கூடுதலாக நடந்து முட்டி உப்பினால் மறுநாள் இறுக்கம் குறைந்திருப்பதைக் கைவைத்தே உணர முடிந்தது.

இரண்டாவது, மின்தூண்டல். தொடையில் இரண்டு ஒட்டுப்பட்டைகளை ஒட்டி, சிறு கருவியிலிருந்து மின்துடிப்பு அனுப்புவார்கள். நான் எதுவும் செய்யாமலே தொடை தானாகத் துள்ளி இறுகியதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இத்தாலியின் லூயிஜி கால்வானி செத்த தவளையின் காலை மின்சாரத்தால் உதறவைத்து, அதைப் பற்றி 1791-இல் எழுதினார். அதே சங்கதிதான். வெளியிலிருந்து போகும் மின்துடிப்பு தண்டுவடத்தைக் கேட்பதில்லை. தசைக்குள் ஓடும் நரம்பு நுனிகளை நேராகத் தட்டுகிறது. ஆனால் கருவி இறுக்கும்போது சும்மா படுத்திருக்கக் கூடாது, நீங்களும் சேர்ந்து இறுக்க வேண்டும் என்பார் பிசியோ. இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் இறுக்குவது, கண்ணை மூடாமல் தொடையையே பார்ப்பது, விரலைச் சில்லுக்கு மேலே வைத்துக்கொள்வது என்று வேறு சில உபாயங்களும் சொன்னார். இவற்றில் எனக்குப் பலித்தது விரல் வைப்பதுதான். ஒரு நாள் காலையில், விரலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. முட்டிச் சில்லு நூலளவு மேலே ஏறி இறங்கியது. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை வருகிறது.

அன்று விரலுக்கடியில் நெளிந்தது என்ன என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

தோல், கொழுப்பு இரண்டையும் தாண்டினால் ஒவ்வொரு தசைக்கும் ஓர் உறை. உறைக்குள் கட்டுக்கட்டாக இழைகள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை, கட்டுக்குள் இருக்கும் ஒவ்வோர் இழைக்கும் மெல்லியதாக இன்னோர் உறை. இந்த உறைகள்தான் முனையில் ஒன்றுதிரண்டு வெண்மையான நாணாகி எலும்பைப் பிடிக்கின்றன. ஓர் இழை என்பது ஒரே ஓர் உயிரணு. தடிமன் தலைமுடி அளவு, பல சமயம் அதைவிடக் குறைவு. நீளமோ பல சென்டிமீட்டர். கருப்பையில் இருக்கும்போதே பல அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஓர் இழையாகிவிடுவதால், அந்த ஒற்றை இழைக்குள் ஏராளமான உட்கருக்கள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும்.

இழைக்குள்ளே நுண்ணிழைகள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீட்டர், இரண்டு மைக்ரோமீட்டர் தடிமன். அவை நீளவாக்கில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு கட்டத்தின் பெயர் சார்கோமியர். நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் இழையில் 4,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. நாம் கையைத் தூக்குவது, கண் சிமிட்டுவது, சிரிப்பது எல்லாம் இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் துளித்துளியாகக் குறுகுவதால் நடப்பவை.

எப்படிக் குறுகுகின்றன என்பது வெகுகாலம் தெரியாமலே இருந்தது. உள்ளே இருக்கும் புரதங்கள் மடிந்தோ சுருண்டோ கட்டையாகின்றன என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1954 மே மாதம் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் எழுதியது. மற்றது ஹக் ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் கிடையாது. தனித்தனியாக வேலை செய்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். தசை குறுகும்போது கட்டங்களுக்குள் இருக்கும் புரத இழைகள் எதுவும் குறுகுவதில்லை. தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அவ்வளவுதான்.

வழுக்க வைப்பது மயோசினின் தலைகள். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. தலை போய் ஆக்டினைப் பிடிக்கும், வளையும், சில நானோமீட்டர் இழுக்கும், விடும், மறுபடி சற்றுத் தள்ளிப் பிடிக்கும். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் இழுத்ததெல்லாம் பின்னால் போய்விடும் அல்லவா? வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தில் சிலர் கை மாற்றும்போது மற்றவர்கள் பிடியை விடாமல் இருப்பார்களே, அந்த ஏற்பாடுதான் இங்கேயும்.

இதில் என்னை அசத்திய விஷயம், பிடிப்பதற்கு அல்ல, பிடியை விடுவதற்குத்தான் புதிய ஏடிபி மூலக்கூறு, அதாவது உயிரணுவின் வேலைகளுக்குச் சக்தி தரும் மூலக்கூறு, வேண்டும் என்பது. ஏடிபி வந்து ஒட்டினால்தான் மயோசின் தலை ஆக்டினை விட்டு விலகும். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது இதனால்தான்: ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த தலைகள் பிடித்தபடியே நிற்கின்றன. பிறகு புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் விறைப்பு தளர்கிறது. இன்னொன்று கால்சியம். நரம்பின் துடிப்பு இழைக்கு வந்ததும் உள்ளே பைகளில் அடைத்திருக்கும் கால்சியம் வெளியே கொட்டும். அதுதான் ஆக்டினின் பிடியிடத்தைத் திறந்துவிடும். இறுக்கம் முடிந்ததும் அத்தனை கால்சியத்தையும் மறுபடி பைக்குள் இறைத்து ஏற்ற வேண்டும். அதற்கும் ஏடிபி செலவு. ஆகத் தசையைத் தளர்த்துவதும் காசில்லாத வேலை இல்லை. களைத்துப்போன தசை சுருங்க மட்டும் அல்ல, தளரவும் தாமதிக்கிறது என்பதை மாலைநேரப் பயிற்சிகளில் நன்றாகவே உணர்ந்தேன்.

இந்த வழுக்கும் ஏற்பாடு புரிந்ததும் பயிற்சிகளில் பல விஷயம் தானாக விளங்கியது. ஒன்றை நீங்களே இப்போது செய்து பார்க்கலாம். மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவரை உருவச் சொல்லுங்கள், வந்துவிடும். இப்போது மணிக்கட்டைச் சற்றே பின்னுக்கு வளைத்துக்கொண்டு பிடியுங்கள். உருவுகிறவர் சிரமப்படுவார். விரலை மடக்கும் தசை ஒன்றுதான், பிடிக்கிற ஆளும் ஒருவர்தான். மணிக்கட்டை மடக்கியபோது அந்தத் தசை ஏற்கெனவே குறுகிக் கிடந்தது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து, தலைகள் வேலை செய்ய இடமில்லை. அதே நேரத்தில் பின்பக்கத் தசைகள் நீண்டு இழுபட்டு விரலை விரிக்கப் பார்க்கின்றன. அளவுக்குமேல் நீட்டினாலும் பலம் குறையும், அப்போது இழைகள் ஒன்றையொன்று எட்டாது. நடுவே ஒரு நீளத்தில்தான் தசைக்கு முழுப் பலம்.

என் முட்டி கடைசிச் சில டிகிரி நீளாமல் அடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். முழுக்க நீட்டும் இடத்தில் தொடைத் தசை தன் குறுகிய நீளத்தில் இருக்கிறது. உள்ளது கொஞ்சம் பலம், அதைக் காட்டவும் வசதியில்லாத இடம். ஆனாலும் அந்தக் கடைசி டிகிரிகளை விட்டுவிடக் கூடாது. முட்டி முழுக்க நீளாமல் நடந்து பழகினால் நடையே கோணிப்போகும். ஒரு பயிற்சி ஒரு கோணத்தில் கடினமாகவும் இன்னொரு கோணத்தில் சுலபமாகவும் இருந்தால், கடினமான கோணத்தைத் தனியாக எடுத்துச் செய்வது என்று வைத்துக்கொண்டேன்.

கெண்டைக்காலிலும் இப்படி ஒன்று உண்டு. மேலே புடைத்துத் தெரியும் தசை முட்டிக்கு மேலிருந்து கிளம்பிக் கணுக்காலைத் தாண்டுகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருக்கும் சோலியஸ் முட்டியைத் தாண்டுவதில்லை. சுவரில் கைவைத்து, முட்டியை நீட்டியபடி கெண்டைக்காலை இழுத்தால் மேல்தசை இழுபடும். முட்டியை மடக்கிக்கொண்டு இழுத்தால் சோலியஸ். இரண்டையும் செய்யுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு "எவ்வளவு இழுத்தாலும் இறுக்கம் போகமாட்டேங்குது" என்பவர்களை அந்தப் பயிற்சி அறையில் நிறையவே பார்த்தேன்.

அடுத்தது படிக்கட்டு. ஊன்றுகோலை விட்டபின் நான் பயந்தது ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. தசைக்குத் தள்ளத் தெரியாது. இழுக்க மட்டுமே தெரியும். ஆனால் இழுக்கும் விதங்கள் மூன்று. குறுகிக்கொண்டே இழுப்பது, நீளம் மாறாமல் பிடித்து நிற்பது, நீண்டுகொண்டே இழுப்பது. படி ஏறும்போது தொடை குறுகிக்கொண்டே நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது மேல்படியில் நிற்கும் காலின் தொடை, நீண்டுகொடுத்தபடியே நம் எடையைப் பிடித்துப் பிடித்து இறக்குகிறது. இந்த மூன்றாவது விதத்தில்தான் தசை மிக அதிக விசையைத் தாங்கும், அதுவும் குறைந்த சக்திச் செலவில். அதனால்தான் தூக்க முடியாத எடையைக்கூட மெதுவாகக் கீழே இறக்கிவிட முடிகிறது. ஆனால் இழைகளுக்குள் நுண்ணிய சிதைவுகள் உண்டாவதும் இதில்தான் அதிகம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: தாழ்வான ஒரு பலகைமேல் அறுவை செய்த காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்குவது. முன்னால் கண்ணாடி. முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, இடுப்பு ஒருபக்கம் தொங்கக் கூடாது. மேலே இருந்து கீழே வர மூன்று எண்ண வேண்டும். முதலில் இரண்டு எண்ணுவதற்குள் தொடை நடுங்கி, கடைசி இரண்டு விரற்கடை தொப்பென்று விழும். அந்தத் தொப்பென்று விழும் இடம்தான் பலம் இல்லாத இடம். பலகையின் உயரத்தைக் குறைத்து, விழாமல் இறங்க முடிகிற உயரத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். உயரத்தைக் கூட்டுவதற்கு முன்னால் மெதுவைக் கூட்டுங்கள் என்பது அவர் கணக்கு.

மறுநாள் வலிக்கும், அதற்கு மறுநாள் இன்னும் வலிக்கும். நண்பர் ஒருவர் "லாக்டிக் ஆசிட் தேங்கியிருக்கும், நல்லா அழுத்தித் தேய்ச்சு விடு" என்றார். பரவலான நம்பிக்கைதான், ஆனால் பொருந்தாது. பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. நீண்டுகொண்டே இழுத்ததில் இழைகளிலும் உறைகளிலும் ஏற்பட்ட நுண்சிதைவும், அதைச் சரிசெய்ய வரும் அழற்சியும்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இதே பயிற்சியை வாரம் கழித்துச் செய்தால் வலி பாதிகூட இருக்காது. தசை அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும். ஆகவே புதுப் பயிற்சியை முதல் நாள் கொஞ்சமாகச் செய்து, வலி அடங்கவிட்டு, அப்புறம் கூட்டலாம். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: கடும் பயிற்சிக்குப் பிறகு தசை பயங்கரமாக வீங்கி, சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால் அது சாதாரண தசைவலி அல்ல. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் கசிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பிசியோ வாராவாரம் நாடா வைத்துத் தொடையை அளப்பார். முதல் சில வாரம் சுற்றளவு அசையவே இல்லை. ஆனால் தூக்கும் எடை கூடிக்கொண்டே போனது. தசை வளராமல் பலம் எங்கிருந்து வருகிறது? மறுபடி நரம்பிலிருந்துதான். ஒரு நரம்பணுவும் அது ஆளும் இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணுவின்கீழ் பத்துச் சொச்சம் இழைகள்தான். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். வேலை வரும்போது சின்ன அலகுகள் முதலில் எழும், பெரியவை கடைசியில். எல்வுட் ஹென்னமன் 1965-இல் தெளிவாக நிறுவிய ஒழுங்கு இது. சின்னவை பெரும்பாலும் மெதுவான, சீக்கிரம் களைக்காத இழைகள். பெரியவை வேகமான, பலமான, சட்டென்று களைத்துப்போகும் இழைகள். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் நடப்பது, இதுவரை எழாத பெரிய அலகுகளை எழுப்பவும் வேகமாகத் துடிக்கவைக்கவும் நரம்பு மண்டலம் பழகுவதுதான். கண்ணுக்குத் தெரியும்படி தசை பருக்க பொதுவாக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை என்று மூன்றாவது வாரம் விட்டுவிடுகிறவர்கள், பலன் வந்துகொண்டிருக்கும்போதே விட்டுவிடுகிறார்கள்.

இதற்குள் இன்னொரு நடைமுறைச் செய்தியும் இருக்கிறது. சுலபமான பயிற்சியை எத்தனை தடவை செய்தாலும், களைப்பின் பக்கமே போகாவிட்டால் பெரிய அலகுகள் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒன்று எடை கூட வேண்டும், இல்லையென்றால் கடைசி ஓரிரு தடவை நிஜமாகவே கஷ்டப்பட வேண்டும். அப்படிக் கஷ்டப்பட்ட பின் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு கொடுங்கள். தசையில் கைவசம் இருக்கும் ஏடிபி சில நொடிக்குத்தான் வரும், அதை உடனுக்குடன் நிரப்பும் கிரியேட்டின் பாஸ்பேட் பத்து நொடி வாக்கில் தீரும். அது மறுபடி நிரம்ப அந்த ஓய்வு வேண்டும். அரை நிமிடத்தில் அவசரமாக அடுத்த சுற்றுக்குப் போனால் வியர்க்கும், மூச்சு வாங்கும், ஆனால் பலப் பயிற்சி என்கிற விதத்தில் அரைகுறைதான்.

காலைக் கட்டிப்போட்டிருந்த நாட்களில் நல்ல காலுக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னபோது, சும்மா பொழுதுபோக்கச் சொல்கிறார் என்றுதான் பட்டது. ஆனால் ஒரு பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மறுபக்கத்துக்கும் பலத்தில் ஒரு பங்கு போகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே எட்வர்ட் ஸ்கிரிப்சர் குழு பதிவு செய்திருக்கிறது. அசையாத பக்கத்துத் தசையில் எதுவும் மாறுவதில்லை. மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொண்டதுதான் இரண்டு பக்கமும் பயன்படுகிறது. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மற்ற கைக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

தசை இளைக்கும் வேகம் பயமுறுத்தக்கூடியது. அசையாமல் வைத்த காலில் ஒரு வாரத்துக்குள்ளேயே அளந்து சொல்லும்படி தசை குறைந்துவிடுகிறது. பூமியில் நம்மை நிமிர்த்தி வைத்திருக்கும் தொடை, கெண்டைக்கால், முதுகுத் தசைகள்தான் முதலில் கரையும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குவது இதற்காகத்தான். திரும்பக் கட்டுவதற்கு ஆகும் காலமோ இழந்த காலத்தைப்போலப் பல மடங்கு. கட்டும் வேலையில் துணைக்கு வருபவை இழையின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணை அணுக்கள். அலெக்சாண்டர் மவுரோ 1961-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு சொன்னவை அவை. இழை சிதைந்தால் இவை விழித்துப் பெருகி, இழையோடு கலந்து புது உட்கருக்களைக் கொடுக்கின்றன.

வயதானால் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான காற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990-இல் வெளியானது. பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. நான் போன பயிற்சி அறைக்கு எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் வருவார். அவருக்குக் கொடுத்த முக்கியமான பயிற்சியே கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதுதான். "எழுந்திரிக்கிறப்போ எல்லாரும் கவனிக்கிறாங்க, உட்கார்றப்போதான் தாத்தா கவனிக்கணும்" என்று பிசியோ அவரிடம் சொல்வார். தொப்பென்று சாயாமல், நான் பலகையில் செய்த அதே வேலையை அவர் நாற்காலியில் செய்துகொண்டிருந்தார்.

கெண்டைக்கால் பிடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ராத்திரியில் அது வந்து எழுந்து உட்காராதவர் யாரும் இருக்க முடியாது. பிடித்த இடத்தைக் குத்தவோ பிசையவோ வேண்டாம். முட்டியை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்குங்கள். கையால் இழுப்பதைவிடக் காலின் முன்பக்கத் தசையாலேயே மடக்கப் பாருங்கள். ஒரு தசை இறுகும்போது அதற்கு எதிர்ப்பக்கத் தசையைத் தண்டுவடம் தானாகவே தளர்த்தும். அந்த ஏற்பாட்டை நமக்குச் சாதகமாக வாங்கிக்கொள்கிறோம். இதே கெண்டைக்கால் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வொரு முறை இறுகும்போதும் ஆழத்திலுள்ள சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே அனுப்புகிறது, சிரைக்குள் உள்ள வால்வுகள் அது திரும்பக் கீழே வராமல் தடுக்கின்றன. அறுவைக்குப் பிறகு பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி நச்சரிப்பது, இரத்தம் தேங்கி உறையாமல் இருப்பதற்காக. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தேய்த்துவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடைசியாக, காலக்கணக்கு. தசைக்கு இரத்த ஓட்டம் தாராளம். தசைநாணுக்கும் ஜவ்வுக்கும் கொஞ்சம்தான். எனக்கு வைத்த புது ஜவ்வு என் பின்தொடைத் தசைநாணிலிருந்தே எடுத்தது. அது முட்டிக்குள் இரத்த ஓட்டம் பிடித்து, ஜவ்வாக உருமாறிக் கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். முதல் சில மாதங்களில் அது வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். அதே மாதங்களில்தான் தொடை தேறி, வீக்கம் வற்றி, வலி போய், ஓடிவிடலாம் என்று தோன்றும். விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது காத்திருக்கச் சொல்வது இதனால்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்து மளமளவென்று எடை கூட்டுகிறவர்களுக்கும் முதலில் நோவது தசை அல்ல, அதன் முனையில் உள்ள நாண்.

மாதம் மட்டும் போதாது, பலத்தையும் அளப்பார்கள். அறுவை செய்த கால் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதில் ஒரு சிக்கல்: நீங்கள் படுத்துக் கிடந்த மாதங்களில் நல்ல காலும்தான் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவது பெரிய காரியம் இல்லை. அதனால் அறுவைக்கு நாள் குறித்தவுடனே பிசியோவிடம் சொல்லி நல்ல காலை அளந்துவிடுங்கள்: ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, ஒற்றைக் காலில் நின்று எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறது, எந்திரத்தில் எவ்வளவு எடை வரை முட்டியை நீட்ட முடிகிறது, தொடைச் சுற்றளவு சில்லுக்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே வைத்து அளந்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, மருத்துவ அறிக்கைகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.